முட்ட விடுங்கள்: மேல்மட்டக் கிராங்க்பெய்ட் பற்றிப் புதியவர்களுக்கு

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் தாய்மாமாவின் லூர் பெட்டியில், அதாவது செயற்கை இரைப் பெட்டியில், பதினைந்து, இருபது கிராங்க்பெய்ட்கள் கிடக்கும். ஒன்றுக்குக்கூட முகம் முழுசாக இருக்காது. மூக்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் உதடு கீறல் விழுந்து வெள்ளை பூத்திருக்கும். தாடைப் பக்கம் சாயம் உரிந்து உள்பூச்சு தெரியும். நான் தூண்டில் பழகத் தொடங்கிய புதிதில் என் பெட்டியை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். என்னுடையதெல்லாம் பளபளவென்று இருந்தது. அவர் ஒவ்வொன்றாக எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உதட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் மருமவனே, இதுல ஒண்ணுகூட எதுலயும் முட்டவே இல்லையே?" என்றார்.

அவர் கேட்டதன் அர்த்தம் அப்போது எனக்கு விளங்கவில்லை. எதிலும் மோதாமல், மாட்டாமல், பத்திரமாக இழுத்துக்கொண்டு வருவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். ஒரு நல்ல லூரின் விலையில் பிரிக்பீல்ட்ஸில் இரண்டு பேர் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டுவிடலாம். அதைக் கட்டைக்குள் வீசி இழக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் இந்த வகை லூர் செய்யப்பட்டதே முட்டுவதற்காகத்தான். ஏன் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

முதலில் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்போம். கட்டைவிரல் அளவில், வயிறு உப்பிய சின்ன மீன் உருவம். பிளாஸ்டிக்கில் இருக்கும், அல்லது பால்சா என்ற மிக இலேசான மரத்தில் இருக்கும். பிளாஸ்டிக் என்றால் உள்ளே காற்றறை. சிலவற்றில் குலுக்கினால் சலசலக்கும் குண்டுமணிகளும் உண்டு. வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று என்று மும்முனைத் தூண்டில் முள் தொங்கும். நம் நாட்டு மலாய்த் தூண்டில்காரர்கள் செயற்கை இரையைக் கெவாங் என்பார்கள். கடையில் அப்படிக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

இதைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். நரம்பை, அதாவது தூண்டில் கயிற்றை, சுருட்டும் ரீலைச் சுற்றினால் மூழ்கும். சுற்றுவதை நிறுத்தினால் மறுபடி மேலே வரும். மிதக்கிற பொருள் இழுத்தால் ஏன் மூழ்குகிறது? எல்லாம் அந்த உதட்டின் வேலை. நாம் முன்னால் இழுக்கும்போது தண்ணீர் உதட்டின் முகப்பில் வந்து மோதி மூக்கைக் கீழே அழுத்துகிறது. அதோடு உதட்டின் இரண்டு ஓரத்திலும் மாறி மாறிச் சுழல் கிளம்பி, உடம்பை இடமும் வலமும் தள்ளுகிறது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி, ஒரு தேக்கரண்டியின் காம்பு நுனியை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, குழியைத் தண்ணீரில் அமிழ்த்தி இழுங்கள். கரண்டி தானாகவே பக்கத்துக்குப் பக்கம் ஆடும். இரை மீன் நீந்தும்போது எழும் அதிர்வைப் போன்றது அது. கலங்கிய தண்ணீரில் கண் தெரியாத நேரத்திலும் பெரிய மீன் அந்த அதிர்வைத் தன் பக்கவாட்டு உணர்வுக்கோட்டால் பிடித்துவிடும்.

எவ்வளவு ஆழம் போகும் என்பதையும் உதடே தீர்மானிக்கிறது. உதடு நீளமாக, உடம்பின் நேர்கோட்டிலேயே முன்னோக்கி நீண்டிருந்தால் லூர் ஆழத்துக்குப் பாயும். குட்டையாக, கிட்டத்தட்ட செங்குத்தாகத் தொங்கினால் மேல்மட்டத்திலேயே ஓடும். நாம் பேசுவது இந்த இரண்டாவது வகையை. அரை மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரைதான் இதன் உலகம். வேகமாகச் சுற்றினால் இன்னும் ஆழம் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். வேகமாகச் சுற்றினால் தன் ஆழத்தைச் சீக்கிரம் எட்டும், அவ்வளவுதான். அளவுக்கு மீறிச் சுற்றினால் நிலைகுலைந்து பக்கவாட்டில் புரண்டு மேலே வந்துவிடும்.

இனி உதட்டின் சதுர வடிவம். மேல்மட்டக் கிராங்க்பெய்ட்களில் பலவற்றுக்கு உதட்டின் நுனி வட்டமாக இருக்காது. உளியால் வெட்டியது போல இரண்டு மூலையோடு இருக்கும். லூர் மூக்கைத் தாழ்த்தி, வாலைத் தூக்கியபடி ஓடுவதால், கட்டையில் முதலில் மோதுவது உதடுதான். முட்கள் இரண்டும் உடம்புக்குப் பின்னால் மறைந்திருக்கும். மூலை கட்டையில் பட்டதும் லூர் ஒரு பக்கமாகத் துள்ளித் திரும்பி, தடையைத் தாண்டிப் போகும். ஓரிடத்தில் சிக்கினாலும் நரம்பைத் தளர்த்திவிட்டால் போதும்; மிதக்கும் தன்மை இருப்பதால் வால் முன்னே போகும்படி பின்வாங்கி மேலே வந்துவிடும். முட்டவும், முட்டியபின் விலகவும், மாட்டினால் பின்வாங்கவும் தெரிந்த லூர் இது. அதைத் திறந்த தண்ணீரில் மட்டும் இழுத்துக்கொண்டிருப்பது அதன் திறமையைப் பூட்டி வைப்பதற்குச் சமம்.

முட்டினால் மீன் ஏன் கடிக்கிறது? கட்டைக்கடியில் காத்திருக்கும் மீன், தன் போக்கில் சீராக நீந்திப்போகும் ஒன்றைப் பார்த்துக்கொண்டே விட்டுவிடலாம். அதே பொருள் திடீரென்று கட்டையில் இடித்து, தடுமாறி, திசை மாறினால் கதை வேறு. தடுமாறுகிற இரை சுலபமான இரை. யோசிக்க நேரமும் கிடையாது, இப்போது பாயாவிட்டால் போய்விடும். என் அனுபவத்தில் இந்த லூரில் விழுந்த மீன்களில் பெரும்பாலானவை முட்டிய அடுத்த நொடியில் விழுந்தவைதான்.

இந்த லூர் எங்கே பிறந்தது என்று தெரிந்துகொண்டால் இதன் குணம் இன்னும் விளங்கும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1933இல் தொடங்கப்பட்ட டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் ஆறுகளை அடுத்தடுத்து அணை கட்டித் தேக்கியது. நோரிஸ் அணை 1936இல் முடிந்தது. பள்ளத்தாக்குகள் மூழ்கின, மரக்கட்டைகளும் அடிக்கட்டைகளும் தண்ணீருக்கடியில் நின்றன, அங்கே பெருவாய் பாஸ் மீன் குடியேறியது. அந்த வட்டாரத்தில் ஓக் ரிட்ஜ் என்ற ஊர்க்காரரான ஃபிரெட் யங் 1960களின் கடைசியில் பால்சா மரத்தைக் கையால் செதுக்கி, பிக் ஓ என்ற கொழுத்த, சதுர உதட்டு லூரை உருவாக்கினார். போட்டித் தூண்டில்காரர்கள் அதைத் தேடி அலைந்தார்கள். 1970களில் காட்டன் கார்டெல் நிறுவனம் அதைப் பிளாஸ்டிக்கில் செய்து எல்லார் கைக்கும் கொண்டுசேர்த்தது. மூழ்கிய காட்டுக்காகவே செதுக்கப்பட்ட வடிவம் இது.

மூழ்கிய காடு என்றால் நமக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பேராக் ஆற்றைத் தேக்கி 1970களின் கடைசியில் உருவான தெமெங்கோர் ஏரியில் இன்றும் பட்ட மரங்கள் தண்ணீரில் நிற்பதைக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைப் பாலத்திலிருந்தே பார்க்கலாம். திரெங்கானுவின் கென்யிர் ஏரியும் 1985இல் முடிந்த அணைக்குப் பின்னால் மூழ்கிய காடுதான். மீன்தான் வேறு. அமெரிக்கப் பெருவாய் பாஸ் இங்கே இல்லாவிட்டால் என்ன? கட்டையில் ஒளிந்து பாயும் குணமுள்ள மூன்று மீன் நமக்கு இருக்கின்றன. விரால் குடும்பத்துப் பெரியவரான தோமான். ஒரு மீட்டரையும் தாண்டி வளரும். கெண்டை இனத்தில் வேட்டையாடும் செபாராவ். விலாவில் ஒரு கறுப்புப் பட்டையும் சிவந்த வாலும் அடையாளம். மூன்றாவது பீக்காக் பாஸ். பெயரில் பாஸ் இருந்தாலும் அது பாஸ் குடும்பமே இல்லை. சந்தையில் வாங்குகிற திலாப்பியாவின் உறவு, அமேசான் படுகையிலிருந்து கொண்டுவரப்பட்டது. வாலடியில் கண் போன்ற ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். சிலாங்கூர், பேராக் ஈயலம்பக் குட்டைகளில், அதாவது பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில், இப்போது அதன் ராஜ்ஜியம். கோலாலம்பூர்க்காரர்கள் இந்த லூரைப் பழக அந்தக் குட்டைகளைவிட வசதியான இடம் கிடையாது. ஒரு மணி நேரத்துக்குள் பெஸ்தாரி ஜெயா (பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை) பக்கம் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆனால் பெரிய நீர்த்தேக்கத்துக்கு முதன்முதலாகப் போகிறவர்களுக்கு ஒரு மிரட்சி வரும். எனக்கும் வந்தது. தெமெங்கோர் ஏறத்தாழ 15,000 ஹெக்டேர். பண்டிங் படகுத்துறையில் நின்று பார்த்தால் தண்ணீருக்கு முடிவே தெரியாது. இதில் எங்கே வீசுவது? இங்கேதான் மேல்மட்ட லூர் கைகொடுக்கிறது. ஏரியின் ஆழமான இடங்கள் நமக்கு வேண்டாம். கரையை ஒட்டி, ஒன்றரை மீட்டருக்குள் ஆழமுள்ள பட்டை மட்டும்தான் நம் ஏரி. அந்தப் பட்டையிலும் வெறும் மண் கரையைக் கழித்துவிடுங்கள். மிஞ்சுவது சாய்ந்து விழுந்த மரம், அடிக்கட்டை, முனைகள், ஓடை வந்து சேரும் வாய், மழைக்குப்பின் மூழ்கிய புல் ஓரம். அவ்வளவு பெரிய ஏரி அரை நாளில் முடிந்துவிடும் அளவுக்குச் சுருங்கிவிடும். தண்ணீருக்குள் ஆழம் எப்படி என்று தெரிய வேண்டுமானால் கரையின் சரிவைப் பாருங்கள். கரை மெதுவாகச் சரிந்தால் தண்ணீருக்கடியிலும் பெரும்பாலும் அதே சரிவு தொடரும். செங்குத்தான கரையானால் இரண்டடி தள்ளியே கிடுகிடு ஆழம். அங்கே இந்த லூருக்கு முட்ட எதுவும் கிடைக்காது, மரம் விழுந்து கிடந்தாலொழிய. இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: இது மின்சார அணை. மழைக்கும் தேவைக்கும் தக்கபடி நீர்மட்டம் ஏறும், இறங்கும். போன தடவை மீன் கிடைத்த கட்டை இந்தத் தடவை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கலாம்.

எந்தக் கோணத்தில் வீசுவது என்பதை யாரும் எனக்கு ஆரம்பத்தில் சொல்லித் தரவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். படகில் நின்று கரையைப் பார்த்து நேராக வீசுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து மீட்டர் போகிறது. லூர் விழுந்த இடத்தில் முழங்கால் ஆழம். சுற்றத் தொடங்கியதும் இரண்டு மூன்று மீட்டருக்குத் தரையைத் தட்டிக்கொண்டு வரும். அதன்பின் தரை கீழே இறங்கிவிடும், லூரோ ஒன்றரை மீட்டரிலேயே நிற்கும். மிச்சம் இருபது மீட்டரும் வெட்டவெளியில் பயணம். இப்போது படகைக் கரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கரைக்கு இணையாக வீசிப் பாருங்கள். வீச்சின் தொடக்கமும் கடைசியும் போக, லூர் முழுக்க முழுக்க அந்தப் பட்டையிலேயே ஓடும். விழுந்து கிடக்கும் மரத்துக்கும் இதே கணக்கு. குறுக்கே வீசினால் ஓர் இடத்தில்தான் தொடும். மரத்தின் போக்கிலேயே வீசினால் கிளைக்குக் கிளை தட்டிக்கொண்டு வரும். ஈயலம்பக் குட்டையில் கரையில் நின்று வீசுகிறவர்களுக்கு இது இன்னும் சுலபம். தண்ணீரின் நடுவைப் பார்த்து வீசாமல், இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்பிக் கரையோரமாக வீசினால் போதும்.

மாமாவின் கேள்விக்குப் பதில் எனக்குக் கிடைத்தது தெமெங்கோரில்தான். செந்தூலிலிருந்து நடுச்சாமத்தில் கிளம்பி, கோலகங்சாரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, லெங்கோங் வழியாகக் கிரிக் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு தேத்தாரேக், அப்புறம் படகு. காலை முழுவதும் மாமாவுக்கு இரண்டு செபாராவ். எனக்கு ஒன்றுமில்லை. படகோட்டி ஒரு பாக் சிக். வெகுநேரம் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தவர் கடைசியில் பொறுக்க முடியாமல், சாய்ந்து கிடந்த ஒரு மரத்தைக் காட்டி, "பியார் டியா லங்கார்" என்றார். அது மோதட்டும், விடு என்று அர்த்தம். மரத்துக்கு அப்பால் வீசினேன். நரம்பு இறுகியதும் தூண்டில் கழியான ரோடின் நுனி தடதடவென்று ஆடத் தொடங்கியது. லூர் சரியாக ஓடும்போது கை உணரும் துடிப்பு அது. முதல் கிளையில் டக்கென்று இடித்தது. உடம்பு பழக்கத்தில் ரோடைத் தூக்கப் பார்த்தேன். "ஜாங்ஙான், ஜாங்ஙான்" (வேண்டாம், வேண்டாம்) என்று பாக் சிக் கத்தினார். கையை அப்படியே வைத்து, சுற்றுவதை மட்டும் ஒரு மூச்சு நேரம் நிறுத்தினேன். நரம்பு தளர்ந்தது. மறுபடி சுற்ற நினைத்தபோது துடிப்பைக் காணோம். ரோட் நுனி வெறுமனே கனத்து, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. செபாராவ், இரண்டு கைவிரல் நீளம்கூட இருக்காது. ஆனால் அன்றைக்குத்தான் என் லூரின் உதட்டில் முதல் கீறல் விழுந்தது.

அந்த இடத்தில் நடந்ததைத்தான் புதியவர்கள் பழக வேண்டும். இடித்ததும் இழுக்காதீர்கள். இழுத்தால் முள் கட்டைக்குள் ஏறிவிடும். ஒரு நொடி நிறுத்தினால் லூர் மிதந்து விலகிக்கொள்ளும், மீனும் பெரும்பாலும் அந்த நொடியில்தான் வரும். கடித்தது தெரிந்தால் ரோடை ஓங்கி வெட்டி இழுக்க வேண்டாம். மும்முனை முள் சிறியது, கூர்மையானது. சுற்றிக்கொண்டே பக்கவாட்டில் இழுத்தால் போதும். எது கட்டை, எது புல், எது மீன் என்று கை பிரித்தறியச் சில வாரம் ஆகும். கட்டை டக்கென்று இருக்கும். புல் மெல்ல மெல்லக் கனக்கும், துடிப்பு மங்கும். மீனோ துடிப்பை மொத்தமாக நிறுத்திவிடும்.

ஆழத்தைக் கையாலேயே கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். ரோட் நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்தினால் லூர் சற்று இறங்கும், தூக்கினால் ஏறும். நரம்பின் தடிமனும் முக்கியம். தடித்த நரம்பைத் தண்ணீர் அதிகம் தடுக்கும், லூர் மேலே நிற்கும். மெல்லிய நரம்பில் அதே லூர் இன்னும் கீழே போகும். ஃபுளோரோகார்பன் நரம்பு தண்ணீரைவிடக் கனம், தானே மூழ்கும். பின்னல் நரம்பு மிதக்கும், ஆனால் நூல் போல் மெல்லியது. தங்சி எனப்படும் சாதாரண நைலான் நரம்பு சற்று நீண்டுகொடுக்கும். இந்த லூருக்கு அது நல்லதுதான், மீன் பாயும்போது முள் பிய்த்துக்கொண்டு வராது. பழகுகிறவர்களுக்கு 12 முதல் 15 பவுண்ட் இழுவை தாங்கும் நைலான் போதும் என்பது என் கருத்து. ரோட் ரொம்ப விறைப்பாக இருக்க வேண்டாம், நடுவரை வளைகிற மாதிரி பாருங்கள். தோமான் இருக்கும் தண்ணீரென்றால் நுனியில் தடித்த லீடர், அதாவது லூருக்கு முன்னால் கட்டும் தனி நரம்புத் துண்டு, கட்டாயம். அதன் பல் நைலானைச் சீவிவிடும், தாடை சாதாரண முள்ளை நசுக்கிவிடும். கனமான முள் மாற்றலாம். ஆனால் மாற்றியபின் லூரை ஒரு தடவை தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கனத்தில் மிதக்க மறந்து மூழ்க ஆரம்பித்தால், பின்வாங்கித் தப்பிக்கும் அந்தக் குணமே போய்விட்டது என்று பொருள்.

நிறத்தைப் பற்றிக் கடையில் அரை மணி நேரம் விவாதிப்பார்கள். தெளிந்த தண்ணீருக்கு இரை மீன் மாதிரி நிறம், கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பு முதுகோடு பளீரென்ற மஞ்சள் பச்சை. இரண்டு போதும்.

அதைவிட முக்கியம் லூர் நேராக ஓடுகிறதா என்பது. நாலைந்து தடவை கட்டையில் மோதினால் நரம்பைக் கட்டும் மூக்குக் கம்பி வளையம் வளைந்து, லூர் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். சரிசெய்வது சுலபம். லூரின் மூக்கு உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். உங்களை நோக்கி வரும்போது உங்கள் இடப்பக்கம் ஓடியதென்றால், மூக்கு வளையத்தைக் குறட்டால் உங்கள் வலப்பக்கம் இம்மியளவு வளையுங்கள். வலப்பக்கம் ஓடினால் இடப்பக்கம். இம்மியளவு என்றால் இம்மியளவுதான். கண்ணுக்குத் தெரியும்படி வளைத்தால் அதிகமாகிவிட்டது. படகோரத்தில் இரண்டு மீட்டர் இழுத்துப் பார்த்து, தேவையானால் மறுபடி.

சில விஷயங்களை விட்டுவிடக் கூடாது. மும்முனை முள்ளும் துள்ளுகிற மீனும் சேர்ந்தால் கை கிழியும். நீளமூக்குக் குறடு இல்லாமல் போகாதீர்கள். முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்க்கொக்கியை நசுக்கிவிட்டால் மீனுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. ஈயலம்பக் குட்டைகளின் மணல் கரை உறுதியாகத் தெரிந்தாலும் அடியில் அரித்துப் போயிருக்கும், சட்டென்று சரியும், அடுத்த அடியே ஆழம். மிதவைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் கேட்ஸ், பத்து, செமெஞ்ஞே, பினாங்கின் ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் எல்லாம் குடிநீர் அணைகள். அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் நுழைய வேண்டாம். தெமெங்கோருக்கு வடக்கே ரோயல் பெலும் பூங்கா எல்லைக்குள் போக முன் அனுமதி வேண்டும். ஒரு குட்டையில் பிடித்த பீக்காக் பாஸை உயிரோடு கொண்டுபோய் வேறு தண்ணீரில் விடாதீர்கள், அது அங்குள்ள சின்ன மீன்களைத் துடைத்துவிடும். ஆரஞ்சு நிறத்தில் கூட்டமாகக் குஞ்சுகள் நீர்ப்பரப்பில் புடைசூழ வந்தால், கீழே தாய் தகப்பன் தோமான்கள் காவல் நிற்கின்றன. அங்கே வீசினால் நிச்சயம் கடிக்கும். அந்த வீச்சை நான் வீசுவதில்லை. காவல் போனால் மற்ற மீன்கள் அந்தக் குஞ்சுகளை ஒரே நாளில் முடித்துவிடும்.

கடைசியாக நரம்பு. லூர் முட்டுகிறதென்றால், அதற்கு முன்னாலுள்ள நரம்பும் கட்டையில் உரசிக்கொண்டுதான் வருகிறது. மாமா அரை மணிக்கு ஒருமுறை லூரைக் கையில் பிடித்து, நரம்பின் கடைசி ஒரு மீட்டரை இரண்டு விரலுக்கிடையில் மெல்ல உருவுவார். நகத்தில் சொரசொரப்புத் தட்டினால் போதும், அந்த ஒரு மீட்டரை வெட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, புதிதாக முடிச்சுப் போடுவார். மீன் கடித்துக்கொண்டிருக்கிற நேரமாக இருந்தாலும் இதை மட்டும் தள்ளிப்போட மாட்டார்.